கள்ளிக்குப்பத்துக்குப் போன செடிகள்

நசீம் பானு எந்தச் செடியையும் ஏழு நாள் வெள்ளை பேசினில் போட்டுப் பார்க்காமல் விற்க மாட்டாள். வெள்ளையில்தான் எல்லாம் தெரியும் என்பாள். நத்தை முட்டை ஒட்டியிருந்தால் ஜவ்வு மாதிரி மின்னும். தட்டான் பூச்சியின் புழு இலை நிறத்திலேயே ஒளிந்திருக்கும், ஆனால் மூன்றாம் நாள் பசி வந்ததும் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஏழு நாளும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மொட்டை மாடியில் பேசின் முன்னால் குந்தி உட்கார்ந்து செடியை விரலால் கலைத்துக் கலைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு இறங்கியவள் பாதிப் படியில் நின்று, மறுபடி ஏறிப் போன நாட்களும் உண்டு.

"உனக்குக் கவலப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் இல்லன்னு ஒரு கவல வந்துடும்" என்பார் அவள் கணவர் கலீல் ரகுமான். அவருக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கமலம் என்ற அம்மாவின் வீட்டு மாடியில் அவர்கள் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மர்வா, கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

செடி வளர்ப்பது நசீம் பானு தேடிப் போன தொழில் இல்லை. சம்பத் என்பவரின் கலர் மீன் கடையில் ஆறு வருஷம் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கொரோனா வந்து கடை மூடியபோது, மீன்களையும் கண்ணாடித் தொட்டிகளையும் வாங்க ஆள் வந்தது. செடிகளைச் சீந்துவார் இல்லை. சம்பத் அவற்றை இரண்டு பக்கெட்டில் அள்ளி அவளிடம் கொடுத்தார். "மண்ணு வேணாம், ஒரம் வேணாம். தண்ணில போட்டா தானா கெடக்கும். எட்துகினு போ."

போட்டாள், கிடந்தது. கிடந்தது மட்டுமில்லை, பெருகியது. நீல டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டிகள் மொட்டை மாடியில் நாலு, எட்டு, பதினாலு என்று ஆயின. நரி வால் மாதிரி அடர்ந்த ஹார்ன்வார்ட், நூல் நூலாகப் பின்னிக்கொள்ளும் குப்பி கிராஸ், பஞ்சுபோல் பச்சையாகச் சுருளும் ஜாவா மாஸ், மேலே சின்னச் சின்னக் காது மாதிரி மிதக்கும் சால்வினியா. எதற்கும் மண்ணில் ஊன்றும் வேலை கிடையாது. கொசு வராமல் இருக்க ஒவ்வொரு தொட்டியிலும் நாலைந்து குப்பி மீன்கள். மர்வா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். அம்பத்தூர், ஆவடி, மாங்காடு பக்கத்துப் புது ஃபிளாட்டுகளிலிருந்து கேட்டு வந்தார்கள். பாதிப் பேர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்; வீடு மாற்றும்போது தொட்டியையும் தூக்கிப் போக வேண்டியவர்கள். மண் போட்டு நட்ட தொட்டியை நகர்த்த முடியாது. நசீம் பானுவின் செடிகளை ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் மிதக்கிற செடியை வைத்துத் தொட்டி அலங்கரிப்பது எல்லோருக்கும் கைவருவதில்லை. நினைத்த இடத்தில் நிற்காது. ஃபில்டர் தள்ளும் தண்ணீரோடு போய் ஒரு மூலையில் குப்பைமாதிரி குவியும். அதற்காகவே நசீம் பானுவை வீட்டுக்கே கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிட்டவன்தான் திருமுருகன். தென்காசிப் பக்கத்துக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கள்ளிக்குப்பத்தில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அவனும் மனைவி மோகனப்பிரியாவும் மட்டும். அவனிடம் விரல் நக அளவுக்குச் சிவப்பு இறால்கள் இருந்தன. பத்தே பத்து வாங்கி ஒன்றரை வருஷத்தில் இருநூறுக்கு மேல் பெருக்கியிருந்தான். ஒன்றரை அடித் தொட்டி போதாமல் மூன்றடித் தொட்டி வாங்கி, ஒரு மாதமாக ஃபில்டர் ஓட்டித் தண்ணீரைப் பழக்கி வைத்திருந்தான். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நசீம் பானு போய், மரக்கட்டையும் கருங்கல்லும் எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஏழு நாள் முடிந்த செடிகளை மூடி போட்ட பக்கெட்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு மணி நேர வேலை. முதலில் ஒரே ஒரு சால்வினியா இலையைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் அதை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள். இலை வலப்பக்கக் கண்ணாடியைத் தொட்டு, பின்னால் திரும்பி, மரக்கட்டைக்குப் பின்னே தயங்கி நின்றது. "அங்கதான் வால் செடி" என்றாள். ஹார்ன்வார்ட்டைக் கட்டையின் கிளைகளுக்கிடையே செருகி, நுனிகளை மட்டும் அலைய விட்டாள். மாஸைக் கல் இடுக்குகளில் அடைத்தாள். குப்பி கிராஸை நடுவில் மேகம்போல் தொங்கவிட்டாள். காற்றுக் குழாயை வட்டமாகச் சேர்த்து மேலே மிதக்கவிட்டு, அதற்குள் சால்வினியாவைப் போட்டாள். அப்படிப் போட்டால் அது வட்டத்தைத் தாண்டி வெளிச்சத்தை மறைக்காது. கடைசியில் கொஞ்சம் சால்வினியா பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அடியில் இருந்த தண்ணீரோடு பக்கெட்டைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

திருமுருகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். "எங்க ஊர்ல மழை ஓஞ்ச மறுநா குளத்துக்குள்ள எட்டிப் பாத்தாப்புல இருக்குக்கா" என்றான். பிறகு, "இறால இன்னைக்கே விடலாமா? இல்ல ரெண்டு நா பொறுக்கணுமா?"

"என் செடிக்கு பயமே வேணாம் தம்பி. ஏழு நாள் பாத்து எடுத்தது. உடனே விடலாம்."

இந்த வார்த்தையைத்தான் அவள் பிறகு நாள் கணக்கில் மனசுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. கமலம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பானு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து நீ இல்லாதப்போ அந்த கொசு மருந்து பொண்ணு வந்துச்சு. மாடில இன்னா கீதுன்னு கேட்டுச்சு. போய் பாத்துக்கோன்னு சாவி குட்த்தேன்."

நசீம் பானு காலை எடுத்து வைத்த படியிலேயே நின்றாள். "மருந்து ஊத்துனாங்களா கமலம்மா?"

"ஊத்தாம? எல்லா டிரம்லயும் ஊத்திட்டுதான் போச்சு. தண்ணி நின்னா ஊத்தணுமாம்ல."

அவள் பக்கெட்டைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். மீன்கள் உயிரோடுதான் இருந்தன. அவள் நிழலைக் கண்டதும் சாப்பாடு என்று நினைத்து மேலே வந்தன. ஒரு கணம் மூச்சு திரும்பியது. பிறகு மீன் குஞ்சுகளுக்குத் தீனிக்காகத் தண்ணீர்ப்பூச்சி வளர்க்கும் தொட்டியைப் பார்த்தாள். கடுகு அளவுப் பூச்சிகள்; எப்போதும் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருக்கும். அன்று ஒன்றுகூட நீந்தவில்லை. எல்லாம் அடியில் வெளுப்பாகப் படிந்து கிடந்தன.

சம்பத் கடையில் இருந்தபோது கற்றது அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர்ப்பூச்சியும் இறாலும் ஒரே சாதி. இதைக் கொல்வது அதையும் கொல்லும்; மீனுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளை பேசினும் அதே மாடியில், அதே வரிசையில், பச்சை வலைக்கு அடியில் இருந்தது. அதில் மட்டும் ஊற்றாமல் விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள். காலையில் செடியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசியதோடு சரி. ஏழு நாள் பார்த்தாயிற்று என்ற தைரியம். போதாததற்குப் பக்கெட் தண்ணீரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

திருமுருகனுக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அன்று அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. பதினோரு மணிக்கு மீட்டிங் இருக்கிறது, போனை சைலன்ட்டில் போட்டுவிடுவேன் என்று அவனே சொல்லியிருந்தான். "இறால விடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. நிறம் மாறவில்லை.

அவன் மாலையில்தான் விடுவானோ? மீட்டிங் இருந்தால் நேரம் கிடைத்திருக்காது. இப்படி ஒரு பக்கம் மனசு சொல்ல, இன்னொரு பக்கம் வேறொன்று சொன்னது. புதுத் தொட்டியில் இறால் சாவது புதிதில்லை. அனுப்பியதை அழித்துவிட்டு, 'தண்ணி ஒத்துக்கல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லாவில் உட்கார்ந்து சம்பத் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மருந்து ஊற்றியது அவளுக்கும் கமலத்துக்கும் மட்டும்தான் தெரியும். கமலம் நாளைக்கு மறந்துவிடுவாள்.

அந்த நினைப்பு வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. அலமாரியிலிருந்து சின்ன வலையையும், தண்ணீரில் கலந்ததை இழுத்துக்கொள்ளும் ஃபில்டர் கரிப் பொட்டலத்தையும் எடுத்தாள். பக்கெட்டை சோப்புப் போடாமல் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். பஸ்ஸுக்கு நிற்க முடியாது. தெரு முனையில் ஆட்டோவைப் பிடித்தாள்.

"இன்னா பாயம்மா, காலி பக்கெட்ட எட்துகினு எங்க கெளம்பிட்ட?" என்றார் ஓட்டுநர்.

"கள்ளிக்குப்பம். சீக்கிரம் போகணும்ணா."

"அம்மாந்தூரமா? மழைக்கு ரோடெல்லாம் தோண்டிப் போட்டுகிறான். திருவேற்காடு பக்கமா உட்டு, அயனம்பாக்கத்துல பூந்து போவலாம். யாருக்கும் ஒடம்பு சரியில்லியா?"

"ஆமா" என்றாள். அதற்கப்புறம் ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அடித்தார்.

வழி நெடுக அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருவேற்காட்டில் தூறல் பிடித்தது. அயனம்பாக்கத்தில் ஒரு லாரி சேற்றில் இறங்கி நின்று, பதினைந்து நிமிஷம் நகர முடியவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷமும் பக்கெட் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். உதடு தானாக ஓதியது. அம்பத்தூரில் ரயில் பாதையைத் தாண்டும் இடத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாக்கியங்களைக் கோத்துப் பார்த்தாள். 'தம்பி, ஒரு சின்ன விஷயம்' என்று ஒன்று. சின்ன விஷயம் இல்லையே என்று அதை விட்டாள். 'என் மேல தப்பு இல்ல' என்று ஒன்று. அதையும் விட்டாள்.

கதவைத் திறந்தபோது திருமுருகன் கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. முகத்தில் காலையின் சந்தோஷம் இன்னும் இருந்தது. "என்னக்கா, எதையும் வச்சிட்டுப் போய்ட்டீங்களா?"

கோத்து வைத்தது ஒன்றும் வரவில்லை. "இறால விட்டுட்டீங்களா?"

"அப்பவே விட்டாச்சுல்லா. நீங்க போயி அரை மணி நேரத்துல. ஏன்?"

"வெளிய எடுக்கணும் தம்பி. செடில மருந்து இருக்கு. கொசு மருந்து. எனக்கு இப்பதான் தெரியும்."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பித் தொட்டியைப் பார்த்தான். இறால்கள் நிற்காமல் நீந்திக்கொண்டிருந்தன. மேலே ஏறி, கண்ணாடியில் முட்டி, கீழே விழுந்து மறுபடி ஏறின. கருங்கல் பக்கத்தில் ஏழெட்டு மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

"புது இடம்னு சுத்துதுன்னுல்லா நெனச்சேன்" என்றான். "வீடியோ எடுத்து மோகனாக்கு அனுப்புனேன்."

அடுத்த நொடி சட்டைக் கையை மடித்து ஹார்ன்வார்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுக்கப் போனான். நசீம் பானு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்படியே தூக்காதீங்க. பாதி செடிக்குள்ளதான் இருக்கும். பழைய தொட்டில தண்ணி இருக்கா?"

"பாதி இருக்கு. கீழ ஊத்தல."

அது ஒன்றுதான் நல்ல சேதி. பழைய தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டில் கொஞ்சம் மொண்டாள். செடிகள் எதிலும் ஊன்றாததால் கைக்குச் சுலபமாக வந்தன. கல்லும் கட்டையும் அசையவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு கொத்துக்குள்ளும் இறால்கள் பற்றிக்கொண்டிருந்தன. ஒளிந்துகொள்ள வசதியாக அடர்த்தியாக வைக்க வேண்டும் என்று அவள்தானே பார்த்துப் பார்த்து வைத்தாள். ஒவ்வொரு கொத்தையும் பக்கெட் தண்ணீருக்குள் முக்கி, உதறி, விரித்துப் பார்த்து, இன்னொரு முறை உதறிவிட்டுத்தான் வெளியே போட முடிந்தது. அவன் வலையால் தொட்டியில் நீந்துபவற்றைப் பிடித்தான். உள்ளறையில் லேப்டாப்பிலிருந்து ஒரு குரல், "திரு, லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டது. அவன் எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்தான்.

ஹார்ன்வார்ட்டும் குப்பி கிராஸும் அரை மணியில் முடிந்தன. மாஸில்தான் மாட்டிக்கொண்டார்கள். பிறந்து சில நாளே ஆன குஞ்சுகள், மணல் துணுக்கு அளவு, நிறம்கூட ஏறாதவை, மாஸ் இழைகளுக்குள் சிக்கியிருந்தன. உதறினால் விழவில்லை. கிள்ளினால் செத்துவிடும்.

"மாஸோட பக்கெட்ல போட்ரலாமா?" என்றான்.

"மருந்தும் சேந்து போகும் தம்பி."

அவன் சமையலறையிலிருந்து மூன்று பாத்திரம் கொண்டுவந்தான். மாஸைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, முதல் பாத்திரத்தில் ஆட்டி, இரண்டாவதில் ஆட்டி, மூன்றாவதில் ஆட்டி, உதிர்ந்த குஞ்சுகளைக் கரண்டியால் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். நசீம் பானுவின் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிவிட்டன. கரியைப் பழைய தொட்டி ஃபில்டரில் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சிலவை கண்ணெதிரிலேயே சாய்ந்தன. முட்டை சுமந்த தாய்கள்தான் முதலில் சாய்ந்தன என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை அவற்றையே அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு அவன் கேட்டான். "எப்பம் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பன்னண்டு மணிக்கு. உடனே போன் பண்ணேன்."

"பாத்தேன். இப்பம்தான் பாத்தேன்." எழுந்து ஈரப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "செடி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்கக்கா" என்றான்.

எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறி, தொட்டித் தொட்டியாகச் செடியை அள்ளித் தரையில் பரப்பிக் காயப்போட ஆரம்பித்தாள். பட்டறையிலிருந்து வந்த கலீல் ரகுமான் மாடிப்படியில் நின்று பார்த்தார். ஆறு வருஷமாகப் பெருக்கியது. "எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்தான்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, டிரம்களைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்ட உதவினார். மீன்களை மர்வா ஒரு குடத்தில் பிடித்து வைத்தாள். போன வாரம் செடி வாங்கிய மூன்று பேருக்கும் நசீம் பானு போன் போட்டு, மீன் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தாள். மருந்து ஊற்றியதற்கு முன்னாலேயே போன செடிகள் அவை. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள். ஆவடிக்காரர், "ஏம்மா, சாவணுமா?" என்று கேட்டுவிட்டார்.

திருமுருகனிடமிருந்து சேதி இல்லை. 'எப்படி இருக்கு தம்பி' என்று அனுப்பியதற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. தொழுகையில் உட்கார்ந்தால் மல்லாந்து கிடந்த இறால்களின் கால்கள் கண்ணில் வந்தன. நாலாம் நாள் மோகனப்பிரியாதான் கூப்பிட்டாள்.

"அக்கா, அவர் பேச மாட்டார். கோவம்னு இல்ல. கஷ்டமா இருந்தா அவர் பேசறதில்ல, ஊர்லேந்து அவங்க அம்மா கூப்ட்டாக்கூட. நீங்க எதிர்பாத்துட்டு இருப்பீங்களேன்னு நான் பண்றேன்."

"எத்தனை இருக்கும்மா?"

"அறுபத்து மூணுன்னார் காலைல. நேத்தும் அறுபத்து மூணுதான்."

நேற்றும் அதே எண் என்பதை நசீம் பானு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அன்று ராத்திரி சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கொசு மருந்துப் பெண் வந்தாள். பெயர் கலைவாணி. காக்கி கோட்டு, தோளில் பை, பையில் மருந்து பாட்டில். நசீம் பானு வாரம் முழுக்க அவளுக்காகவே சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். மாடியில் காலி டிரம்களைப் பார்த்து, "பரவால்லியே, எல்லாத்தையும் காய வெச்சிட்டியே" என்று கலைவாணி பாராட்டியதும் நசீம் பானு குறுக்கிட்டாள்.

"கேக்காம ஊத்திட்டீங்க."

"ஆள் இல்லியேக்கா. மீன பாத்தேன். மீனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லித்தான் எங்களுக்கு குட்த்துகிறாங்க. மீனு செத்துச்சா?"

"மீன் சாகல. எறால் செத்துப் போச்சு."

"எறாலா? மாடிலயா எறால் வளக்கற?"

நசீம் பானு நடந்ததைச் சொன்னாள். கலைவாணி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "நாலாவது தெருவுல ரெண்டு கொழந்தைங்களுக்கு காச்சல்க்கா" என்றாள். "ஒருநாளைக்கு அம்பது ஊடு. ஒரு தொட்டிய உட்டாக்கூட என்னைத்தான் கேப்பாங்க."

நசீம் பானு சேர்த்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மர்வா டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். தினம் காலையில் ரத்தத்தில் தட்டணு எவ்வளவு என்று நர்ஸ் சொல்லும் எண்ணுக்காக இவள் வராந்தாவில் நின்றிருக்கிறாள். இந்தப் பெண் மேல் எந்த வாயால் சண்டை போடுவது?

கலைவாணி, சுவரில் மாட்டியிருந்த கொசு மருந்து அட்டையில் தேதி போட்டு, கீழே 'மாடியில் மீன் விட்டுள்ளது, கேட்டு ஊற்றவும்' என்று எழுதினாள். "வர்றதுக்கு முன்னால போன் பண்றேன். ஆனா என்னை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்கன்னா எனக்குத் தெரியாது. நீதான் பாத்துக்கணும்." அந்தக் கடைசி வாக்கியம் நசீம் பானுவுக்குப் புதுக் கவலையாக ஒட்டிக்கொண்டது. மாடிக் கதவுக்கு வேறு பூட்டு வாங்கினாள்.

மூன்று வாரம் கழித்து திருமுருகனே கூப்பிட்டான். "அக்கா, ரெண்டு தாய் முட்டை வச்சிருக்கு" என்றான், எடுத்த எடுப்பில். பிறகு தயங்கி, "பெரிய தொட்டித் தண்ணிய மூணு தடவ மாத்தி, கரி போட்டு ஓட்டிட்டேன். கொளத்தூர் மார்க்கெட்ல செடி வாங்கி வந்து வச்சேன். எல்லாம் ஒரு மூலைல போயி கூடிக்கெடக்கு. உங்களுக்கு வர முடியுமா?"

அவள் போனாள். அவன் சொன்னது சரிதான். ஃபில்டருக்கு எதிர் மூலையில் மொத்தச் செடியும் வைக்கோல்போர் மாதிரி குவிந்திருந்தது. தொடுவதற்கு முன்னால், "இந்தத் தண்ணில எதையாச்சும் விட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"செடியோட மூணு எறால் விட்டு அஞ்சு நாளாச்சு. அன்னா பாருங்க, கட்ட மேல."

பார்த்தாள். மூன்றும் இருந்தன. அதன் பிறகுதான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கட்டைக்கிடையே செருகிய கொத்து இரண்டு தடவை நழுவி மேலே வந்துவிட்டது. அவன் அதைப் பிடித்துக் கொடுத்தான். இந்தத் தடவை மாஸை இடுக்குகளில் அடைக்காமல், தேவைப்பட்டால் ஒரே கையில் எடுக்கிற மாதிரி ஒரு தட்டைக் கல்லின் மேல் மட்டும் வைத்தாள்.

முடித்ததும் அவன் பழைய தொட்டியிலிருந்து இறால்களைக் கிண்ணத்தில் எடுத்து வந்தான். "ரெண்டு ரெண்டா விடுதேன்" என்றான். நசீம் பானுவால் அங்கே நிற்க முடியவில்லை. பால்கனிக்குப் போய், கொடியில் காய்ந்த துணிகளையும் எதிர்வீட்டு மாடியில் நிற்கும் தண்ணீர் டேங்கையும் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏர் பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, வந்து பாருங்க."

"நீந்துதா, நிக்குதா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நிக்குது. மாஸ் மேல உக்காந்து மேயுது."

அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு அவன் டீ போட்டுக் கொண்டுவந்தான். இன்னும் அரை மணி இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். நாலு மணி வரை இருந்தாள்.